நீல மீனின் லத்தீன் பெயர்

ததேயுவின் வலையில் வந்த நீல மீனுக்குச் சம்மனசுத்துறைக் கரையில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை, பெயரை உரக்கச் சொல்லாமல் எந்த மீனையும் ஏலம் கூற ஊர்த்தலைவர் பொலிக்கார்ப்புக்கு நாக்கு எழாது, பின்னால் நடந்த அத்தனையும் அதனால்தான் நடந்தது. கடலுக்கடியில் பவளப் பாறை மண்டிக் கிடக்கும் கிழக்குப் பாரில் வலை விட்டுவிட்டு விடிந்ததும் திரும்பிய படகு அது. நாலு பேர் சேர்ந்து தூக்கிவந்து மணலில் போட்டார்கள். உடம்பெல்லாம் நீலமும் பச்சையுமாகக் கோடு ஓடி, முகத்துக்கு வந்ததும் அந்தக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொண்டு, நெற்றி மட்டும் தேங்காயை உள்ளே வைத்துத் தைத்தது போல் முன்னால் புடைத்து, உதடு தடித்து, பந்தியில் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அது படுத்திருந்தது. செத்து வெகு நேரம் ஆகியிருந்தது, கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, ஈக்கள் வந்துவிட்டன.

"கலவா," என்றார் ஒருவர்.

"கலவாவுக்கு இந்த நெத்தி எங்கலே இருக்கு?" என்றார் பொலிக்கார்ப்பு. அவர்தான் எங்கள் ஊருக்குத் தலைவரும் ஏலக்காரரும், இரண்டு வேலைக்கும் அவரிடம் இருந்த ஒரே தகுதி தொண்டை. "கிளிமீன் சாதின்னு சொல்லலாம்னா உதடு ஒத்து வரல. பேரில்லாத பண்டத்த நான் என்னன்னு கூவ? லாரி நிக்கி. யாராவது ஒரு பேரச் சொல்லுங்கலே!"

மீன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து, பங்குச்சாமி வீட்டுக்கு எதிரே அறை எடுத்துத் தங்கி, பாரில் முங்கி முங்கிப் பவளங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியைக் கூட்டிவர ஆள் ஓடியது. அவள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், தலைக்குக் குளித்துத் துண்டைக் கட்டியிருந்தவள் அப்படியே வந்தாள், மீனைப் பார்த்ததும் துண்டு அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல் மணலில் முழங்கால் போட்டாள், இதை உயிரோடு பார்க்கத்தான் ஐந்தாறு வருடமாகக் கடலில் முங்கிக்கொண்டிருக்கிறேன் என்று யாரிடமோ சொல்வது போல் சொன்னாள். பிறகு அதன் அறிவியல் பெயரைச் சொன்னாள்.

"கெய்லினஸ் உண்டுலாட்டஸ்."

மீன் கண்ணைத் திறந்தது. வெள்ளை விலகி, உள்ளே பொன்னிறமாய் ஒரு வட்டம் சுழன்று வந்து நின்று, பெயர் சொன்னவளை நேராகப் பார்த்தது, செவுள் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும் நேரம் அப்படியே பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிச் செத்துக் கிடந்தது. செதில் சீவக் காத்திருந்த பெண்கள் கையிலிருந்து கத்திகள் விழுந்தன. பொலிக்கார்ப்பு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். மங்கையர்க்கரசி அந்தப் பெயரை இன்னொரு தடவை சொன்னாள், மீன் இன்னொரு தடவை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. மீன் ஏன் இப்படிச் செய்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது, அவளிடமே கிடையாது, அவள் படித்தவள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் எங்கள் ஊரில் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இல்லாத ஒருவர் இருந்தார், அவர் உபதேசியார் இஞ்ஞாசி. கோயில் வேலைகளை எல்லாம் பார்ப்பவர், சாமி ஊரில் இல்லாத நாளில் செபம் சொல்லுபவர், சாகக் கிடக்கும் பிள்ளைகளுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை பெற்றவர். சாமிமார் சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் பூசை வைத்த காலத்தில் பக்கத்தில் நின்று பதில் சொன்னவர் என்பதால், பொருள் ஒன்றுகூடத் தெரியாமல் அந்தப் பாஷை முழுவதும் அவர் வாயில் கிடந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, நெற்றியில் சிலுவை போட்டார்.

"இது லத்தீன்," என்றார். "லத்தீன்ல பேரு இருக்குன்னா இது கோயில்ல சேந்தது. ஞானஸ்நானம் ஆகாம லத்தீன் பேரு எப்படி வரும்? இது கிறிஸ்தவ மீனு. ஏலத்துல விடப்படாது."

"ஐயா, இது கோயில்ல வச்ச பேரில்லைங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "மீன் படிச்சவங்க வச்சது. முதல் பாதி உதட்டைக் குறிக்கும். ரெண்டாவது பாதிக்கு அலையலையானதுன்னு அர்த்தம். மேல இருக்கே கோடு, அதுக்காக."

"பாத்தீயளா, அர்த்தத்தோட வச்சிருக்காவ!" என்றார் உபதேசியார், கூட்டமும் ஆமாம் என்றது. யார் வைத்தால் என்ன, லத்தீன் லத்தீன்தானே. மீன் வாங்க நின்ற லாரி அன்று சாளை மீனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

சேதி கேட்டு ஊரே கரைக்கு இறங்கியபோது கடைசியில் வந்தவள் தெக்லா, ததேயுவின் மனைவி. அவள் வந்ததும் பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள், மரியாதைக்காக இல்லை. போன தவக்காலத்தில் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து, விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்து, கண்ணைத் திறக்காமலே போய்விட்டது. சாமி அன்று வெளியூர் போயிருந்தார், தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்க உபதேசியாரைப் பக்கத்து ஊர்த் திருவிழாவிலிருந்து தேடிக் கூட்டிவந்தபோது மூச்சு நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. "மூச்சு நின்ன பெறகு ஊத்துனா அது வெறுந்தண்ணி, மக்கா," என்று சொல்லி அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். ஞானஸ்நானம் இல்லையென்றால் பெயர் இல்லை, பெயர் இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் இடம் இல்லை, இது எங்கள் ஊர் வழக்கம். அப்படிப்பட்ட பிள்ளைகள் சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்த பக்கத்தில், தாழம்புதருக்கு அடியில் கிடக்கின்றன. இப்போது கோயிலில் அந்த மாதிரிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, உள்ளேயே வையுங்கள் என்று புதிதாக வந்த இளவயசுப் பங்குச்சாமி சொல்லிப் பார்த்தார். "சாமி, நீங்க இன்னைக்கோ நாளைக்கோ மாத்தலாகிப் போயிருவிய, நாங்கல்லா இங்கன கெடக்கணும்," என்று ஊர்க் கமிட்டி அவர் வாயை அடைத்துவிட்டது. ததேயுதான் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தான், அப்படிப்பட்ட அடக்கத்துக்குப் பெண்கள் உடன் போகக்கூடாது.

அதற்குப் பிறகு தெக்லாவை யாரும் முகத்துக்கு நேரே பார்ப்பதில்லை. கல்யாணமான புதுப் பெண்கள் அவளைக் கண்டால் தெரு மாறிப் போனார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்கள், கோயிலில் அவள் உட்கார்ந்த வரிசை அவளுக்கே சொந்தமாகிவிட்டது. ததேயுவும் அவளிடம் பேசும்போது சுவரையோ சோற்றுப் பானையையோ பார்த்துத்தான் பேசினான். அவள் யாரையும் குறை சொல்லவில்லை, அழக்கூட இல்லை, ஆறுதல் சொல்ல வந்த ஒன்றிரண்டு பேரிடமும் ஒன்றை மட்டும் சொன்னாள்: "அவன் கண்ணு என்ன நெறம்னுகூட எனக்குத் தெரியலையே." அந்த ஒன்றைத்தான் அவள் வருடம் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தாள், வேறு எதைப் பற்றியும் அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் மீன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மங்கையர்க்கரசியைக் கேட்டுப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, பிறகு கூப்பிட்டாள். மீன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. தெக்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, அவளுக்குப் பின்னால் நின்றிருந்த ததேயு, "வீட்டுக்கு வா," என்று மணலைப் பார்த்துச் சொன்னான். அவள் அன்று முழுக்க வீட்டுக்குப் போகவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, எது நடந்தாலும் முதல் நாள் அலறுவார்கள், மறுநாள் அதற்கு ஒரு முறை வைத்துவிடுவார்கள். மீனைக் கோயில் முகப்பில் கயிற்றுப் பாய் விரித்துக் கிடத்தி, நனைந்த சாக்கைப் போர்த்தி, தெருவுக்கு ஒன்றாக இருக்கும் செபக் கூட்டங்களான அன்பியங்களுக்கு முறை பிரித்து, காலையில் அந்தோணியார் அன்பியம் கூப்பிடுவது, மதியம் சவேரியார் அன்பியம், சாயங்காலம் அடைக்கல மாதா அன்பியம் என்று தொடர் செபம் போலவே ஏற்பாடு செய்துவிட்டார்கள். பெற்ற பெண்கள் பெயரையே மாற்றி மாற்றிக் கூப்பிடும் ஆண்கள் கெய்லினஸ் உண்டுலாட்டஸ் என்று தட்டாமல் சொன்னார்கள், பல் இல்லாதவர்கள் கைலாசு உந்துலாத்து என்றார்கள், மீன் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் கண்ணைத் திறந்து பார்த்தது. அது நாறவும் இல்லை, நிறம் மங்கவும் இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், முகப்புக்கு வெளியே சுண்டல் கடையும் பலூன் கடையும் வந்தன, பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளைக் கூட்டிவந்து மீன் பார்வை படும்படி நிறுத்தினார்கள், பார்வை பட்டு ஃபெயிலானவர்களின் பெற்றோர், மீன் பெயரைப் பிள்ளை சரியாக உச்சரிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

மங்கையர்க்கரசி மட்டும் தினமும் வந்து கெஞ்சினாள். உலகத்திலேயே குறைந்துகொண்டு வருகிற மீன், எங்களிடம் கொடுங்கள், கண்ணாடித் தொட்டியில் மருந்து ஊற்றிப் பத்திரமாக வைப்போம் என்றாள்.

"ஊறுகா போடப் போறியளா?" என்று பொலிக்கார்ப்பு கேட்டார். "பேரு உள்ளவன பாட்டில்ல அடைக்க ஊரு சம்மதிக்காது, மேடம்."

இப்படியே போனதில் படகுகள் கரையிலேயே கிடந்தன, வலைகள் காய்ந்து மொரமொரத்தன, கூப்பிடும் முறையில் யாருக்கு அதிக நேரம் என்று இரண்டு அன்பியங்கள் அடித்துக்கொண்டன. மீனும் தளர்ந்துபோயிற்று. கூப்பிட்டதும் திறந்த கண் இப்போது யோசித்துவிட்டுத் திறந்தது, பொன்னிற வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு ஏறிவிட்டது, பார்வையில் ஒரு கெஞ்சல் வந்துவிட்டது. தன் அன்பியத்தின் முறை வராத நேரத்திலும் சாக்கு நனைத்துப் போட்டுக்கொண்டிருந்த தெக்லாதான் அதை முதலில் சொன்னாள்.

"போதும், விட்டுருங்க. ஒரு தடவ பாத்தாப் போதாதா? தூங்க விடாம இது என்ன கூப்பாடு?"

அவள் சொன்னாள் என்பதற்காக யாரும் கேட்கவில்லை. ஆனால் அரிசிப் பானைகள் காலியாகிவிட்டதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது, மீனை மணி அடித்து மரியாதையாக அடக்கம் செய்துவிட்டுக் கடலுக்குப் போவது என்று முடிவு செய்தது. எங்கே அடக்கம் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. பெயர் உள்ளது, அதுவும் லத்தீனில், ஆகவே சுவருக்கு உள்ளே, பெரிய சிலுவைக்கு இடப்பக்கம், பொலிக்கார்ப்பின் தகப்பனாருக்கு அடுத்த இடத்தில். அதைக் கேட்டுப் பங்குச்சாமி எழுந்து நின்றுவிட்டார்.

"மீனுக்கா?" என்றார். "மீனுக்கு உள்ளே குழி தோண்டுவீங்க, மனுசப் பிள்ளைக்கு மாட்டீங்களா?"

"அதுக்குப் பேரு இருக்கு, சாமி," என்றார் பொலிக்கார்ப்பு, மிகவும் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல். குழியை மந்திரித்து ஆசீர்வதிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாமி கோயிலுக்குள் போய்விட்டார். கமிட்டி அதை அவருடைய வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டது.

அடக்கத்தன்று காலையில் மீனை வெள்ளைத் துணி போர்த்திப் பாயோடு கம்பில் கட்டி நாலு பேர் தோளில் வைத்தார்கள், அதில் ஒருவன் ததேயு. முன்னால் சிலுவையும் பின்னால் ஊருமாகக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் போனபோது, கதவின் குறுக்கே தெக்லா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. சத்தமும் போடவில்லை. சிலுவை தூக்கியவர் நின்றார், அவர் நின்றதால் பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள்.

"உபதேசியாரே," என்றாள். "இது செத்த பெறகுதான கரைக்கு வந்துச்சு? மூச்சு இல்லாமத்தான கெடந்துச்சு? செத்ததுக்குப் பேரு செல்லும்னா எம்புள்ளைக்கு ஏன் செல்லல?"

உபதேசியார் இஞ்ஞாசி கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கேள்வி அவரை அறைந்தது எங்களுக்கே தெரிந்தது, ஆனால் அவருக்குத் தெரிந்த நியாயத்தைத்தான் அவரால் சொல்ல முடிந்தது.

"மக்கா, இதுக்கு முன்னாலேயே பேரு இருந்துச்சு. நமக்குத்தான் தெரியாமப் போச்சு. ஒம்புள்ளைக்கு முன்னாலயும் பேரு இல்லையே."

தெக்லா அவரை விட்டுவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மங்கையர்க்கரசியைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க சொல்லுங்க. மீனப் படிச்சவங்க மீனுக்கு வச்ச மாதிரி எம்புள்ளைக்கு யாராவது வச்சிருக்காவளா? அதே லத்தீன்ல?"

மங்கையர்க்கரசி பதில் சொல்ல வாயைத் திறந்தவள், சொல்லப்போவது என்னவென்று அந்த நொடியில்தான் உறைத்தது போல், சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். கண்கள் விரிந்து அப்படியே நின்றன. பிறகு கையை எடுத்தாள்.

"இருக்கு," என்றாள். "அவன் பிறக்கிறதுக்கு முன்னாலேயே இருக்கு."

"யாரு வச்சா?" என்று பொலிக்கார்ப்பு பாய்ந்தார். "ஊருக்குத் தெரியாம, கோயிலுக்குத் தெரியாம, யாரு வச்சா?"

"அவனுக்குன்னு தனியா யாரும் வைக்கலீங்க. மனுசனாப் பிறந்த எல்லாருக்கும் அதே பேர்தான். எனக்கு, உங்களுக்கு, ஃபாதருக்கு, எல்லாருக்கும். தண்ணி ஊத்தினாலும் ஊத்தாட்டாலும்."

சிலுவை தூக்கியவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு பொலிக்கார்ப்பின் தலை மெல்லத் திரும்பி, கதவுக் கம்பிகள் வழியாக உள்ளே வரிசை வரிசையாக நின்ற சிலுவைகளைப் பார்த்தது.

"அப்ப உள்ள கெடக்கவியளுக்கு?"

"அவங்களுக்கும் அதேதான்."

மீனைத் தூக்கியிருந்தவர்கள் கம்பைத் தரையில் வைத்துவிட்டார்கள். புருஷன் செத்த மறுவருடமே மச்சினனைக் கட்டிக்கொண்டவள் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். அண்ணன் கடைசி மூச்சு வரை கேட்ட படகைக் கொடுக்காமல் விற்றவர் தன் பாட்டுக்குச் செபமாலை சொல்லத் தொடங்கினார். பொலிக்கார்ப்புக்கும் அவர் தகப்பனாருக்கும் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல், சாகும்போதும் இவர் வாசல்படி மிதிக்காமல், செத்த பிறகு பளிங்கில் பெரிய கல்லறையாகக் கட்டிக் கொடுத்தது ஊருக்கே தெரியும். அந்தப் பளிங்கைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வியர்த்தது. எங்களில் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒருவராவது இருந்தார்கள், ஒவ்வொருவரிடமும் அவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தால் சொல்ல முடியாத ஏதாவது ஒன்று இருந்தது.

பொலிக்கார்ப்பு கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"தெக்லா, தாயி, வேண்டாம். எடந்தான வேணும்? இப்பவே எடுத்து உள்ள வைக்கோம். மீனுக்கு வெட்டுன குழியிலேயே வைக்கோம், பெரிய சிலுவைக்குப் பக்கத்துலேயே வைக்கோம், நான் பளிங்குல கட்டித் தாரேன். அந்தப் பேர மட்டும் கூப்பிட்டுறாத."

"எடம் யாருக்கு வேணும்?" என்றாள் தெக்லா. "அவன் கெடக்க எடத்துல காத்து நல்லா வருது. எம்புள்ள ஒரே ஒரு தடவ கண்ணத் தொறந்து என்னையப் பாக்கட்டும். அது போதும் எனக்கு."

மங்கையர்க்கரசி அழுதுகொண்டே அவளிடம் போய்க் காதில் வாயை வைத்து, காற்றுக்குக்கூடக் கேட்காமல் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தோம், கால் எழவில்லை. தெக்லா சுவரை ஒட்டியே நடந்து கடல் பக்கம் திரும்பினாள், நாங்களும் பின்னால் போனோம், போக வேண்டாம் என்று நினைத்தவர்களும் போனார்கள், பெண்கள் பிள்ளைகளின் காதுகளைப் பொத்திக்கொண்டு போனார்கள், உபதேசியார் தன் காதைத் தானே பொத்திக்கொண்டு போனார். ததேயு எல்லோருக்கும் கடைசியில், கம்பு அழுத்திய தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தான். புதருக்கு அடியில் அடையாளம் எதுவும் இல்லாத மணல்தான் இருந்தது, ததேயு கை காட்டாமலே அவள் சரியான இடத்தில் போய் மண்டியிட்டாள். எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை, வருடம் முழுக்க அவள் அங்கேதான் வந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அவள் மணலில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். உரக்கக் கூப்பிடவில்லை, பால் குடிக்கும் நேரம் தாண்டித் தூங்கும் பிள்ளையை எழுப்புகிற குரலில், "ஹோமோ சேப்பியன்ஸ்," என்றாள், "ஹோமோ சேப்பியன்ஸ், கண்ணத் தொறய்யா."

காதைப் பொத்தியிருந்தவர்களுக்கும் கேட்டது. பெற்றவளே கூப்பிட்டது போல் எங்கள் எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பியது, மூடியிருந்த கண்கள் திறந்துகொண்டன, வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை, இமைக்கவும் முடியவில்லை. வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர்கள் தீக்குச்சி விரலைச் சுடும் வரை கல்லறைத் தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார்கள். பக்கத்து ஊர்ப் படகுக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி கரையைப் பார்த்துத் திரும்பி நின்றார்களாம். பீடத்தின் முன்னால் இருந்த பங்குச்சாமி எழுந்து சனம் உட்காரும் பக்கம் திரும்பினாராம், அங்கே ஒருவரும் இல்லை. சுவருக்கு உள்ளே, மண்ணுக்கு அடியில், பெரிய கூட்டம் ஒன்று படுத்தவாறே புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது, சிலுவைகள் எல்லாம் இலேசாகக் கடல் பக்கம் சாய்ந்தன, பளிங்கு ஒன்று விரிசல் விட்டது. யாரும் எழுந்து வரவில்லை. யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை. கூப்பிட்டவளைத்தான் பார்க்க வேண்டும் என்பது முறை, அவர்களும் அவளைத்தான் பார்த்தார்கள், மீன் மட்டும் வாசலில் அசையாமல் கிடந்தது, அவள் கூப்பிட்டது அதன் பெயர் இல்லை.

ஒரு வருடமாக அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்த ஊர், செத்தவர்களும் இருப்பவர்களுமாகச் சேர்ந்து, கண்ணெடுக்க முடியாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்று பார்த்தோம். கன்னத்தில் எலும்பு தெரிவதையும், இந்த வயதில் காதோரம் நரைத்துவிட்டதையும் பார்த்தோம். வெட்கமாக இருந்தது, பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது, ஆனாலும் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மணல் தானாகச் சரிந்து விலகியிருந்தது. துணி அன்று சுற்றியது போலவே வெள்ளையாக இருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு சின்ன முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து நெற்றியும் கொஞ்சம் முடியும்தான் தெரிந்தன. அவள் தொடவில்லை, தூக்கவில்லை, குனிந்து, பார்வைக்குப் பார்வை கொடுத்தபடி, பெயருக்கு உண்டான அந்த ஒரு 'அருள் நிறைந்த மரியே' நேரம் தீரும் வரை பார்த்தாள். பெயரின் நேரம் தீர்ந்தது. எங்கள் கழுத்துகள் விடுபட்டன, சிலர் உட்கார்ந்தோம், சிலர் வாந்தி எடுத்தோம், சுவருக்கு உள்ளே எல்லாம் அடங்கியது.

உபதேசியார் விழுந்தடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் மணலில் விழுந்தார். "இன்னொரு தடவ கூப்பிடு, மக்கா," என்று கதறினார். "இன்னொரு தடவ கூப்பிடு, இப்ப ஊத்துதேன், எவன் என்ன சொன்னாலும் ஊத்துதேன்." அவருக்குப் பின்னால் அந்தோணியார் அன்பியத்துப் பெண்கள், பழக்கதோஷத்தில், முறை போட்டு வரிசையில் நிற்கவே தொடங்கிவிட்டார்கள்.

"வேண்டாம்," என்றாள் தெக்லா. "பாத்துட்டான். இனி யாரும் எழுப்பாதீங்க, தூங்கட்டும்."

துணியை இழுத்து முகத்தை மூடினாள், மணலை இரண்டு கையாலும் அள்ளி மெல்லப் போட்டுத் தட்டிச் சமன் செய்தாள், எழுந்து சேலையில் ஒட்டியதை உதறினாள். உபதேசியாரைத் தாண்டி, பொலிக்கார்ப்பைத் தாண்டி, வழிவிட்ட எங்கள் எல்லோரையும் தாண்டி நடந்து, கூட்டத்துக்குக் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற ததேயுவின் முன்னால் போய் நின்றாள். அவன் நிமிரும் வரை காத்திருந்தாள். நிமிர்ந்தான்.

"ஒங்க கண்ணுதான்," என்று சொன்னாள்.